கூறைக் கரையில் ஒரு சீதனக் கணக்கு

அன்புள்ள ஐயா,

வடமராட்சியில் ஒரு பாடசாலையில் மனைப் பொருளியல் படிப்பிக்கிறேன். எங்கள் உயர்தர மாணவிகள் ஐந்து பேர் கண்காட்சிக்காக ஒரு பழைய கல்யாணக் கூறைச்சேலையை எடுத்து, கரை நீளத்துக்கும் சீதனக் கணக்கை நூலால் எழுதினார்கள்: ‘காணி 4 பரப்பு, கல்வீடு, நகை 30 பவுண், டொனேசன் 20 இலட்சம்.’ ஊரில் சட்டை தைக்கும் ஒரு அக்காதான் எழுத்துகளைத் தைத்துக் கொடுத்தார். கண்காட்சியன்று காலை நிர்வாகம் அதைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டது. ஒரு பிள்ளையின் அப்பா, “சீலையில எழுதினாப்போல சீதனம் நிண்டிடுமோ?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உடுப்பால் ஏதும் செய்ய முடியுமா, இல்லை இதுவும் ஒரு ஃபேஷன்தானா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிற்காது. அது அந்த அப்பாவுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வந்த கேள்வி வேறு. சீதனம் ஒழிய வேண்டும் என்று அதே பிள்ளைகள் பட்டிமன்றம் வைத்திருந்தால், அதே நிர்வாகம் பிரதம விருந்தினரை அழைத்து மாலை போட்டிருக்கும். கட்டுரை எழுதியிருந்தால் முதற்பரிசு கொடுத்திருக்கும். சேலையில் எழுதியதும் ஏன் பயந்தார்கள்?

யாழ்ப்பாணத்துக்கு உடுப்பைக் கண்டு பயம் புதிதல்ல. யார் மேற்சட்டை போடலாம், யார் தோளில் சால்வை போடலாம், யார் செருப்போடு ஒழுங்கையில் நடக்கலாம் என்றெல்லாம் இங்கே சாதி பார்த்து விதி இருந்தது. எங்கள் ஊரில் ஒரு முதியவர் இருந்தார். சில வீட்டுப் படலைகளைக் கடக்கும்போது அவருடைய கை தானாகவே தோளுக்குப் போகும், சால்வை கமக்கட்டுக்குள் வந்துவிடும். அந்தக் காலம் போய்விட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகும் கை போனது. சிறுவனாக இருந்தபோது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டு முழத் துணியில் ஓர் ஊரின் கணக்கு முழுவதும் இருந்தது என்று விளங்க எனக்கு நாற்பது வயதானது.

துணியை அரசியலாகப் பார்த்த மாணவர்களும் இங்கே புதிதல்ல. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்தான், ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்று, 1927 நவம்பரில் காந்தியை இங்கே வரவழைத்தது. காந்தி இலங்கைக்கு வந்ததே கதர் நிதி சேர்க்கத்தான். ஆங்கிலப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகள் அந்த முரட்டுத் துணியைப் பற்றிப் பேசியதை எத்தனை அப்பாமார் ரசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபேஷனா என்று கேட்டீர்கள். சில வேளை ஃபேஷன்தான். வசனம் அச்சடித்த ரீசேட்டுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கொழும்பில் ஓடர் கொடுத்து, மாட்டி, படம் எடுத்து, அடுத்த மாதம் வீடு துடைக்கப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் 1984இல் இங்கிலாந்தின் ஆடை வடிவமைப்பாளர் கத்தரின் ஹம்னெட், பிரதமர் தட்சரின் விருந்துக்கு ஒரு ரீசேட்டோடு போனார். 58 வீதமானோருக்கு அமெரிக்காவின் பேர்ஷிங் அணு ஏவுகணை வேண்டாம் என்று அதில் பெரிய எழுத்து. மேலே கோட் போட்டு மறைத்துக்கொண்டு போய், கைகுலுக்கும் நேரத்தில் திறந்து காட்டினார். அதே ரீசேட்டைக் கடற்கரையில் போட்டிருந்தால் இன்று நான் அதைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். உங்கள் பிள்ளைகளும் வேறொரு சேலையை எடுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூறையை எடுத்தார்கள். எல்லோரும் பேசி முடித்து, பிறகு வாய் திறக்காமல் இருக்கிற கணக்கை, எல்லோரும் கும்பிடுகிற துணியில் வைத்தார்கள். நிர்வாகத்துக்கு அது சரியாகவே விளங்கியிருக்கிறது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. பார்ப்பவர் சிரிப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் சீதனம் மாப்பிள்ளைக்குரியதே அல்ல, அது பெண்ணின் சொத்து. சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்குத் தாய் தகப்பனின் முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், பிறகு பங்கு இல்லை, அதற்கு ஈடாகத்தான் அது. சரி, அவளுடைய சொத்து என்றால் அவள் விற்கலாமே? 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் வெளிநாட்டில் இருந்து கடிதமும் போடாமல் இருந்தால், நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். நொத்தாரிசு அலுவலகத்துத் திண்ணையில் இதைக் கேட்டு முகம் வெளிறிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சீதன உறுதியை, அந்தக் காணிப் பத்திரத்தை, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, காணி தன்னுடையது என்று இருபது வருடம் நம்பியிருந்தவர்கள்.

நான் அந்த மாணவிகளில் ஒருவராக இருந்தால் கரையில் 30 பவுணை விட்டுவிட்டு, முந்தானையில் ஓர் உறுதியின் கடைசிப் பக்கத்தைத் தைப்பேன். ‘கணவனின் ஒப்பம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெறுமையாக விடுவேன். சேலையைக் கம்பியில் தொங்கவிடுவதும் போதாது, யாராவது உடுத்த வேண்டும். அதற்கு மாணவிகளைக் கேட்காதீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை அதை உடுத்திக்கொண்டு நின்றால் பிறகு ஊர் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கதைக்கும், சேலை மறந்து போகும். நீங்கள் உடுத்தலாம். ஆசிரியைமார் சேலைதான் உடுத்தி வர வேண்டும் என்று 2022இல் நாடே சண்டை பிடித்ததே, அந்தப் பிடிவாதம் இதற்காவது உதவட்டும்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன ஆள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார். சட்டை தைக்கும் அந்த அக்கா. வருடத்துக்கு எத்தனை கல்யாணச் சட்டை தைப்பவர்? ஒவ்வொரு எழுத்தாக அந்தக் கணக்கை ஊசியால் குத்தி எடுத்திருக்கிறார். அவருக்குக் கூலி கொடுத்தீர்களா, அல்லது நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டீர்களா? அவருடைய காணி யார் பெயரில் இருக்கிறது? தைக்கும்போது அவர் ஏதாவது சொன்னாரா? மாணவிகளிடம் கேட்டு எழுதுங்கள்.