விதைச்சொற்களும் கட்டளை வரியும்: கேள்வி-பதில்

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: பணப்பையின் திறவுகோல்கள் எல்லாம் பிறக்கும் அதே 24 விதைச்சொற்களைத்தான் கொடுக்கிறேன். கைப்பேசிப் பணப்பை காட்டும் பிட்காயின் முகவரி ஒன்று, கட்டளை வரியில் தட்டி இயக்கும் கருவி தருவது வேறொன்று. கருவி பழுதா?

பழுதில்லை, பாதை வேறு, அதாவது சொற்களிலிருந்து முகவரி வரை இறங்கும் கிளைவழி வேறு. முகவரி 1 என்று தொடங்கினால் பிஐபி-44 (பிட்காயின் பணப்பைகளுக்கான பொதுத் தரங்களில் ஒன்று) பாதையையும், பிசி1கியூ (bc1q) என்று தொடங்கினால் பிஐபி-84 பாதையையும் முதலில் பாருங்கள். கூடுதல் கடவுச்சொல் வைத்திருந்தால் அதில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச்செய்தி வராது. வெறுமையான இன்னொரு பணப்பைதான் திறக்கும்.

பட்டர்வொர்த் வாசகர்: எம்/44'/60'/0' என்று பாதையைக் கொடுத்தால் கருவி உறைந்துபோகிறது.

கருவி இன்னும் தொடங்கவே இல்லை. மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளைக் கண்ட ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்துக் கருவியை இயக்கும் நிரல்), நான்காவதற்காகக் காத்திருக்கிறது. இரண்டோ நான்கோ இருந்திருந்தால் அவற்றை ஓசையின்றி விழுங்கிவிட்டு, வன்மையாக்கப்படாத (அந்தக் குறி பெறாத) வேறொரு பாதையைக் கருவியிடம் கொடுத்திருக்கும்; ஆகவே உறைந்ததற்கு மகிழுங்கள். பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: நிறுவனப் பணப்பையின் 12 சொற்களைக் கட்டளையிலேயே எழுதி இயக்கினேன். பிறகு ஷெல் வரலாற்றை அழித்துவிட்டேன். போதும்தானே?

போதாது. கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கணினியில் நுழைந்துள்ள வேறொரு பயனர், இயங்கும் நிரல்களின் பட்டியலைக் கேட்டாலே பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உங்கள் 12 சொற்களும் வரிசையாக வந்து நிற்கும். வரலாற்றுக் கோப்பை நீங்கள் அழிக்கும் முன்பே காப்புப்பிரதி அதை எடுத்துச் சென்றிருக்கலாம். இதை எத்தனை முறைதான் எழுதுவது? பயனரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஏனெனில் கருவியை எழுதுபவர்களே கையேட்டின் முதல் எடுத்துக்காட்டில் சொற்களைக் கட்டளையோடு சேர்த்து அச்சிடுகிறார்கள், அவசரத்தில் இருப்பவர் அதை அப்படியே ஒட்டிக்கொள்கிறார். நல்ல கருவி சொற்களைத் தானே கேட்டு வாங்கும், தட்டும்போது திரையில் காட்டாது. பழகிப் பார்க்க வேண்டுமென்றால் 'அபாண்டன்' (abandon) என்பதைப் 11 முறையும் இறுதியில் 'அபவுட்' (about) என்பதையும் இடுங்கள். உலகறிந்த சோதனைச் சொற்கள் அவை. உண்மையான சொற்களை, இணையத்தோடு ஒருபோதும் இணையாத கணினியில் மட்டும் இடுங்கள். உங்கள் நிறுவனம் இன்றே புதுச் சொற்களை உருவாக்கி, இருப்பை அங்கே மாற்றட்டும்.

செந்தூல் வாசகர்: சொற்களைக் கருவியே உருவாக்கட்டுமா?

சமவாய்ப்பு எண்களை அது எங்கிருந்து எடுக்கிறது என்று தெரிந்தால் உருவாக்கட்டும். லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற கட்டளைக் கருவியின் 3-ஆம் வரிசைப் பதிப்புகள் கடிகார நேரத்திலிருந்து வெறும் 32 பிட் எடுத்தன. ஏறத்தாழ 430 கோடி வாய்ப்புகள், கணினிக்கு அது சிறு வேலை. 2023-இல் பலர் நாணயங்களை இழந்தார்கள்.

ஜோர்ஜ்டவுன் வாசகர்: தணிக்கையாளருக்கு எக்ஸ்பப் (பணப்பையின் விரிவாக்கப் பொதுத்திறவுகோல்) கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அவர் எல்லா முகவரிகளையும் இருப்புகளையும் பார்ப்பார், செலவழிக்க இயலாது. ஆனால் அதன் கீழுள்ள வன்மையாக்கப்படாத தனித்திறவுகோல் (செலவழிக்க உதவும் இரகசியத் திறவுகோல்) ஒன்றே ஒன்று அவரிடம் சிக்கினாலும், இரண்டையும் கொண்டு மேல்நிலைத் தனித்திறவுகோலைக் கணக்கிட்டுவிடலாம்.

செராஸ் வாசகர்: என் 24 சொற்களை இத்துடன் இணைத்துள்ளேன், சரிபார்த்துச் சொல்லவும்.

கடிதத்தைப் படிக்காமல் அழித்துவிட்டேன். இந்த வரியைப் படித்து முடிக்கும் முன் பணத்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.