ஹட்டன் துணிக்கடைச் சம்பளமும் லீவும்

தம்பி, ஹட்டனில் துணிக்கடை, மாதம் 27,000 கொடுக்கிறேன், போன மே மாதம் சேர்ந்த பிள்ளை வருடாந்த லீவு கேட்கிறாள், கொடுக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 10 நாள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்திருந்தால் 14. அமய லீவு, அதாவது திடீர்த் தேவைக்கு எடுக்கும் லீவு, வேறு கணக்கு: முதல் வருடம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வருடத்துக்கு 7.

ஆனால் பெரிய சிக்கல் லீவில் இல்லை, அந்த 27,000இல்தான். அது 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சச் சம்பளத் தொகை. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 30,000. நானும் பண்டாரவளைக் கடையில் பழைய வவுச்சரையே பார்த்து எழுதி, பெப்ரவரியில்தான் விழித்தேன். ஜனவரி நிலுவை 3,000ஐ ஊழியர் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். அதோடு முடியவில்லை, ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) திருத்த வேண்டி வந்தது. 30,000க்கு ஊழியர் பங்கு 8 வீதம், 2,400. உங்கள் பங்கு 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதம், 900, அதுவும் உங்கள் பங்குதான். அதை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நம் பக்கம் பலர் பிடிக்கிறார்கள், தப்பு.

சரி, லீவுக்கு ஒரு சிஆர் கொப்பி (தடித்த அட்டைப் பெரிய கொப்பி) போடுங்கள். ஒவ்வொரு லீவுக்கும் அவரே கையொப்பம் வைக்கட்டும்.