ஸ்போக் சட்டை பச்சையா, நீலமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 52. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் போடுவார்கள். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. எதிர்வீட்டு நண்பன் வீட்டில் ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டிவி. அதன் முன்னால் கலர் பிளாஸ்டிக் தகடு மாட்டியிருப்பார்கள். ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியாது. ஆனாலும் திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் முழுக் கதையையும் சொல்வேன்.

போன மாதம் ஒரு விளம்பரம் பார்த்தேன். 'உங்கள் கண்களையே நம்ப மாட்டீர்கள்! காவியம் மறுபிறவி எடுத்தது! இந்த வாய்ப்பு இனி வராது!' என்று போட்டிருந்தது. விலையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் அந்தத் தொடரின் புளூ ரே டிஸ்க் பெட்டியை வாங்கிவிட்டேன். குடும்பத்தோடு உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் என் மகன், "அப்பா, அந்தப் பாறை தெர்மோகோல்" என்று சிரித்தான். எனக்கே கொட்டாவி வந்தது. அதில் வரும் கூர்க்காது வேற்றுக்கிரகவாசி ஸ்போக்கின் சட்டை பச்சை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், பார்த்தால் நீலம்! என் மனைவி, "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று ரசித்தது எல்லாம் வெறும் அறியாமைதானா? நான் ஏமாந்தது அன்றைக்கா, இன்றைக்கா? மனசு ஆறவில்லை அக்கா.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் சட்டை விஷயத்தை முடித்துவிடுவோம். ஸ்போக்கின் சட்டை நீலம்தான். ஆனால் நீங்கள் பார்த்த பச்சையும் உண்மை. அந்தத் தகடு எங்கள் வீட்டிலும் இருந்தது. மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை, மூன்றும் விளிம்பில் ஒன்றோடொன்று கரைந்திருக்கும். வானம், மனிதர்கள், புல்வெளி என்று ஒரு காட்சி வந்தால் ஓரளவு பொருந்தும். செய்தி வாசிப்பவர் முகம் வந்தால் நெற்றி நீலமாகவும் மூக்கு ஆரஞ்சாகவும் இருக்கும். 1982ல் தூர்தர்ஷனுக்குக் கலர் வந்துவிட்டது. கலர் டிவி வாங்க நம்மில் பலருக்கு வசதி வரவில்லை. 'மாட்டிய மறுநிமிடம் உங்கள் டிவி கலர் டிவி' என்று சொன்னதை நம்பித்தான் அப்பா வாங்கி வந்தார். நெஞ்சுக்குக் கீழே வருவதெல்லாம் அதில் பச்சைதான். உங்கள் ஸ்போக் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டது அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். விண்கலத்தின் கேப்டன் கிர்க்கின் பொன்மஞ்சள் சட்டை இருக்கிறதே, அது தைத்தபோது பச்சைச் சாயலுள்ள துணி. ஸ்டூடியோ விளக்கிலும் ஃபிலிமிலும் மஞ்சளாக விழுந்தது. அமெரிக்காவில் அசல் கலர் டிவி வாங்கி வைத்துப் பார்த்தவர்களும் கிர்க்கை மஞ்சள் சட்டையில்தான் பார்த்தார்கள். அதனால் நீங்கள் தப்பாகப் பார்த்துவிட்டதாக வருந்த ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கடிதங்களுக்கு, 'நீங்கள் தேடுவது அந்தத் தொடரை அல்ல, உங்கள் பால்யத்தை' என்று பதில் எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுத மாட்டேன். அது உங்கள் ரசனையைக் குறைத்துச் சொல்வதாகும். அது நல்ல தொடர் தம்பி. பன்னிரண்டு வயதில் உங்களுக்கு அது பிடித்ததற்குக் காரணம் இருந்தது. நீங்கள் ஏமாந்தது போன மாதம், அந்த விளம்பரத்திடம். பணத்தை விடுங்கள். எதைப் பார்ப்பது என்பதிலேயே அது உங்களைத் திசை திருப்பிவிட்டது. 'கண்களையே நம்ப மாட்டீர்கள்' என்று அது சொன்னதும் கண்ணுக்கு விருந்து தேடி உட்கார்ந்தீர்கள். கண்ணுக்கு விருந்து வைக்க அந்தத் தொடரை எடுத்தவர்களிடம் காசே கிடையாது.

1966 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்து மூன்று சீசன், 79 அத்தியாயம் ஓடியது. வாரா வாரம் ஒரு கிரகத்தில் விண்கலத்தை இறக்கிக் காட்டினால் செலவு தாங்காது. அதனால்தான் ஆட்கள் நின்ற இடத்திலேயே மினுமினுத்து மறைந்து கிரகத்தில் போய் முளைக்கும் அந்த ஏற்பாட்டையே கண்டுபிடித்தார்கள். அந்த மினுமினுப்பு என்ன தெரியுமா? பலமான வெளிச்சத்தில் அலுமினியத் துகளைக் கொட்டவிட்டு, அதை மெதுவாக ஓடும்படி படம் பிடித்ததுதான். விண்கலத்தின் டாக்டர் மெக்காய் நோயாளி மேல் காட்டும் கருவிகளில் சில, கடையில் வாங்கிய உப்புக் குப்பிகள். ஒரு அத்தியாயத்தில் சாப்பாட்டு மேஜைக்காக விதவிதமான உப்புக் குப்பி வாங்கினார்களாம். பார்த்தால் உப்புக் குப்பி என்றே தெரியவில்லை என்று டாக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பயணம் செய்யும் 'என்டர்பிரைஸ்' விண்கலத்தின் பெரிய மாதிரி சுமார் 11 அடி நீளம். அதில் வலப்பக்கம்தான் முழு வேலைப்பாடு. உள்ளே விளக்கு எரியத் தேவையான வயர்கள் எல்லாம் இடப்பக்கத்தில் நுழையும். அந்த மாதிரி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

கையில் காசு இல்லாதவர்கள் எதை நம்புவார்கள்? கதையையும் முகத்தையும்தான். ஸ்போக்காக நடித்த லெனர்டு நிமோய் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார், ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலம் புரியாத நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் திங்கள்கிழமை முழுக் கதை சொன்னீர்கள். அது அறியாமை இல்லை. கவனம்.

விளம்பரம் என்றாலே ஊதிப் பெருக்குவது என்று நினைக்கிறோம். ஒளித்து வைப்பதும் அதன் வேலைதான். தொடர் வருவதற்கு முன் என்பிசி விற்பனைக்காக ஒரு விளம்பரப் புத்தகம் அச்சடித்தது. அதில் ஸ்போக்கின் கூர்மையான காதுகளையும் மேலே வளைந்த புருவங்களையும் படத்தில் திருத்திச் சாதாரணமாக ஆக்கிவிட்டார்கள். சாத்தான் மாதிரி இருக்கிறது என்று யாராவது முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிறகு ரசிகர்கள் கொண்டாடியது அந்தக் காதைத்தான். 1968ல் தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் மூட்டை மூட்டையாகக் கடிதம் போய், 'தொடர் நிற்காது, இனி எழுத வேண்டாம்' என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. (அப்புறம் வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளி, அடுத்த வருடமே முடித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் இளவட்டங்கள் வீட்டிலா இருப்பார்கள்?)

மிகைப்படுத்தலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் அதில் ஊறி வளர்ந்தவர்கள். ஆட்டோவில் மைக் கட்டி, 'இன்றே கடைசி' என்று கத்திக்கொண்டே ரோஸ் கலர் நோட்டீஸை வீசிப் போவார்கள். பின்னால் ஓடிப் பொறுக்குவோம். அடுத்த நாளும் படம் ஓடும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று அந்தக் குரல் கணீரென்று ஆரம்பித்தால் அடுப்பில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வருவேன், இன்றைக்கும். பள்ளியில் உயர்வு நவிற்சி அணி படித்தோமே, அதுபோல இதுவும் ஒரு சந்தோஷம். அந்தக் கூவல் தெருவுக்கே பொதுவாக வந்தது, தெருவோடு போயிற்று. உங்களிடம் வந்தது வேறு. ஐம்பது வயதுக்காரர் ஒருவருடைய ஏக்கம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கேயே கை வைத்திருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சரி, பெட்டியை மூலையில் போட்டுவிடாதீர்கள். 2006 முதல் இந்தத் தொடரின் விண்வெளிக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். 'மறுபிறவி' என்று உங்களிடம் விற்றது அதைத்தான். முகமும் செட்டும் பழையது, வெளியே பறக்கும் கலம் மட்டும் புதியது என்றால் கண் எதில் நிற்கும்? தெர்மோகோல் இன்னும் பளிச்சென்று தெரியும். உங்கள் புளூ ரேயில் பழைய காட்சிகளும் இருக்கின்றன. மெனுவில் போய்ப் பழையதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் சீசனில் 'தி டெவில் இன் த டார்க்' என்ற அத்தியாயத்தில் ஆரம்பியுங்கள். 1967 மார்ச்சில் வந்தது. தலைப்பே சினிமாத் தட்டி மாதிரி, இருட்டில் ஒரு பிசாசு. ஒரு கிரகத்தில் சுரங்கம் வெட்டுகிறார்கள். ஏதோ ஒன்று பாறைக்குள்ளிருந்து வந்து ஆட்களைக் கொல்கிறது. ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்தப் பிராணி கண்ணில் படும்போது உங்கள் மகன் கட்டாயம் சிரிப்பான். கசங்கிய கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள் தவழ்கிறார் என்பது அப்பட்டமாகத் தெரியும். சிரிக்கட்டும். காயம்பட்ட அந்த உருவத்தின் பக்கம் ஸ்போக் கையை நீட்டி அதன் மனதுக்குள் போவார். 'வலி' என்று கதறுவார். அந்தப் பிராணி பாறையையே கரைக்கும் தன் உடம்பால் பாறையில் மூன்று சொற்களைப் பொறித்திருக்கும். 'கொல்லாதே' என்று கெஞ்சுகிறதா, 'கொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கிறதா என்று கிர்க்குக்கே புரியாது. சுரங்கக்காரர்கள் வழியில் கிடக்கிறதே என்று உடைத்துத் தள்ளிய உருண்டைக் கற்கள் எல்லாம் அதன் முட்டைகள். அது ஒரு தாய்.

இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. மகனிடம் முன்கூட்டியே எதையும் சொல்லிவிடாதீர்கள். 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். வாரம் ஒன்று போதும், ஞாயிறு காலையிலேயே. ஒரே மூச்சில் நாலு பார்த்தால் எந்தத் தொடரும் அலுத்துவிடும். அன்றைக்கு நடுவில் ஆறு நாள் காத்திருந்தோம். மனைவியிடம் சரியான விலையைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அந்த எதிர்வீட்டு நண்பர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நம்பர் இருந்தால் இன்று சாயங்காலமே கூப்பிடுங்கள். எடுத்தவுடன், ஸ்போக் சட்டை என்ன கலர் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி.

அன்புடன்,
அக்கா