பழைய ஹாலிவுட் இசைப்படங்களில் நடனத்தை ஏன் உச்சியிலிருந்து படமெடுத்தார்கள்?

நடனமணிகள் வட்டமாக அமர்ந்தோ படுத்தோ கைகால்களை அசைக்க, நேர் மேலிருந்து நோக்கும் கேமராவில் அது பூ விரிந்து சுருங்குவதுபோல் தெரிவதே உச்சிக் கோணக் காட்சி. நாடக அரங்கில் பார்வையாளர் இருக்கையிலிருந்து ஒரே கோணத்தில்தான் பார்க்க முடியும். கேமராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாசலில் நின்றால் கோடுகளாகத் தெரியும் பெரிய கோலம் மாடியிலிருந்து பார்க்கும்போதுதான் முழு வடிவம் பெறுகிறது அல்லவா, அதுபோலத்தான். '42ஆம் தெரு' (1933) படத்தின் நடனங்களை அமைத்த பஸ்பி பெர்க்லி, முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ அணிவகுப்புகளை வடிவமைத்தவர். தனி ஒருவரின் அடவைவிடக் கூட்டத்தின் வடிவமே அவருக்கு முக்கியமாக இருந்ததில் (என் பார்வையில்) வியப்பில்லை.

இக்கோணத்தை அவரே கண்டுபிடித்தார் என்பது தவறு. 1929இல் வெளிவந்த 'தி கோகனட்ஸ்' படத்திலேயே அது உண்டு.