பழைய படகு எஞ்சின் ஐட்லிங்கில் குலுங்கி அணைந்துபோகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை. என்ன கோளாறாக இருக்கும்?

கார்புரேட்டரைக் கழற்றினீர்கள், சரி. திரும்ப மாட்டும்போது, இணைப்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினீர்களா? மாற்றியிருக்க மாட்டீர்கள். நானும் மாற்றவில்லை.

என்னுடையது இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின். வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திராட்டிலைக் குறைத்ததும் இருமும், கியர் போட்டதும் உயிரை விடும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான ஐடில் ஜெட்டை அடைத்திருந்தது. கிளீனர் பீய்ச்சிக் காற்றடித்து, விளக்குக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது. மாட்டினேன். அதே குலுக்கல். இப்படி மூன்று முறை கழற்றினேன்.

பிளக்கை மாற்றினேன். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த் செய்து பார்த்ததில் இரண்டு சிலிண்டரும் வேலை செய்வது தெரிந்தது. சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனைப் பார்க்கலாமென்றால் மீட்டர் கையில் இல்லை. இரவல் வாங்கிப்போன நண்பர் இரண்டு வருடமாக வைத்திருக்கிறார். கேட்டால், "அதுதான் உங்களிடம் இன்னொன்று இருக்கிறதே" என்கிறார். என்னிடம் இருந்ததே ஒன்றுதான். கடன் வாங்கிய பணத்துக்காவது கூச்சப்படுகிறார்கள், கருவிக்கு அதுவும் கிடையாது.

கடைசியில், எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டர் எஞ்சினின் காற்று நுழைவாயிலோடு (இன்டேக்) சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ஒரு மூலையில் நுரை உள்ளே இழுபட்டது, எஞ்சின் சத்தம் மாறியது. காய்ந்து விறைத்திருந்த கேஸ்கெட்டை நான்தான் கழற்றும்போது கிழித்திருக்கிறேன். ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம். அதில் கிழிசல் வழியாகத் திருட்டுக் காற்றும் சேர்ந்தால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகிறது. வேகத்தில் காற்று ஏராளம் என்பதால் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆக, அடைப்பு முதல் தடவையே போய்விட்டது. அதன் பிறகு நான் துரத்தியது நானே உண்டாக்கிய கோளாறை.

நான் மெக்கானிக் இல்லை. "ஃப்யூவல் பம்பைப் பார்க்காமல் கேஸ்கெட்டா?" என்று யாராவது வருவார்கள். அதையும் பாருங்கள்: எஞ்சின் தடுமாறும்போது பிரைமர் பல்பை (பெட்ரோல் குழாயில் கையால் அழுத்தும் ரப்பர் குமிழ்) அழுத்துங்கள். அழுத்த அழுத்தச் சீராக ஓடினால் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரத்தையோ பெட்ரோல் குழாயையோ சந்தேகப்படலாம். சோப்புத் தண்ணீருக்குப் பதில் சிலர் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சின்மீது தீப்பற்றும் திரவத்தை நான் தெளிக்க மாட்டேன். கூலிங் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் போய்விடும்.

புது கேஸ்கெட் போட்ட பிறகு, காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகை மெதுவாகக் கடைசிவரை உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். அது என் எஞ்சினுக்கு. உங்களுடையதற்கு மேனுவலைப் பாருங்கள். உள்ளே விடும்போது இறுக்கிவிடாதீர்கள், அதன் கூர்முனை நசுங்கிவிடும்.