‘உரையிடையிட்ட’ என்றால் என்ன? இன்றைய நாவலை அப்படிச் சொல்லலாமா?

உரை, இடை, இட்ட. பாட்டாக ஓடும் கதைக்கு நடுநடுவே உரைநடையை வைத்த என்று பொருள். சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பாடலான பதிகம் அந்தக் காப்பியத்தின் 30 பகுதிகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்று அதற்குப் பெயர் சூட்டுகிறது.

சிலப்பதிகாரத்துக்கு விளக்கம் எழுதிய பழைய உரையாசிரியரின் நூலை அடியார்க்கு நல்லார் உரை என்கிறோமே, அந்த விளக்கவுரை அல்ல இது. முதலில் படித்தபோது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இங்கே உரை என்பது பேச்சை ஒட்டிய நடை. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்கு வகையாக்கி, ‘பாட்டிடை வைத்த குறிப்பு’ என்பதை அதில் ஒன்றாகச் சொல்கிறது. எனவே ஒரே ஒருவர் கண்டுபிடித்த உத்தி என்று இதை நினைக்க வேண்டாம்.

அந்த உரை வெறும் இட்டுநிரப்பல் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் மலைக்குறவர் ஆடிப்பாடும் பகுதியான குன்றக்குரவையின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘உரைப்பாட்டு மடை’ என்று தலைப்பிட்ட பகுதி அது. தினைப்புனம் காக்கும் குறவர், வேங்கை நிழலில் ஒரு மார்பை இழந்து நிற்கும் பெண்ணிடம் யார் நீங்கள் என்று கேட்கிறார்கள். மதுரையும் அரசும் கெட, கணவனை இழந்து வந்த கடுவினையேன் என்கிறாள் கண்ணகி. அவர்கள் கண்ணெதிரே அவள் கணவனோடு வானேறுகிறாள். இவ்வளவும் சந்தம் கலந்த உரையிலேயே முடிந்துவிடுகிறது. பாட்டும் குரவைக் கூத்தும் அதற்குப் பிறகுதான். நடந்ததைச் சொல்ல உரை, கண்டவர்கள் மனம் பொங்குவதற்குப் பாட்டு. அந்தச் சில அடிகளை எடுத்துவிட்டால் குறவர் எதற்காக ஆடுகிறார்கள் என்றே தெரியாது. பதிகத்தை அடுத்து வரும் ‘உரைபெறு கட்டுரை’யும் உரைதான், ஆனால் அது செய்தி சொல்வதோடு நின்றுவிடுகிறது.

நாவலுக்கு வருவோம். உரைநடையில் எழுதி அங்கங்கே கவிதை சேர்த்த நாவலை ‘உரையிடையிட்ட’ என்று மதிப்புரைகளில் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அது பாட்டிடையிட்ட உரை. உடல் பாட்டாக இருக்க வேண்டும், இடையில் வருவது உரையாக இருக்க வேண்டும். வில்லுப்பாட்டுக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும். கவிதையிலேயே நடந்து, நடுவில் ஒரு கடிதமோ நாட்குறிப்போ உரைநடையாக வரும் நெடுங்கவிதைக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம்.