கன்னி நாய்க்குக் கிரேஹவுண்டு ரத்தம் சேர்க்கலாமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் 7 ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கிறேன் ஐயா. உளுந்து, பாசி, மக்காச்சோளம் போடுகிறேன். அப்பா காலத்திலிருந்து வீட்டில் கன்னி என்ற நம் பக்கத்து நாட்டு வேட்டை நாய் உண்டு. இப்போது இருக்கும் பெட்டைக்கு இரண்டரை வயது. அவிழ்த்துவிட்டால் முதல் பாய்ச்சல் அம்பு மாதிரி இருக்கிறது. ஆனால் 300, 400 மீட்டர் தாண்டியதும் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிடுகிறது. இதன் தாய் முயல் பின்னால் இரண்டு மூன்று புஞ்சை தாண்டி ஓடும். பந்தயத்துக்கு நாய் வளர்க்கும் ஒருவர், கிரேஹவுண்டு என்ற வெளிநாட்டு ஓட்டப்பந்தய நாய் ஆணோடு சேர்த்தால் வேகமும் தம்மும் சேர்ந்த குட்டி கிடைக்கும் என்கிறார். இங்கிலாந்தில் இப்படிக் கலந்துதான் முயல் நாய்களை உருவாக்கினார்களாமே? சேர்க்கலாமா? முளைத்த உளுந்தை முயல் கடிப்பதும் பெரிய தொல்லையாக இருக்கிறது.

பதில்: சேர்க்க வேண்டாம். உங்கள் பெட்டை தம் இழந்ததற்கு இனம் காரணமாக இருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தாய் ஓடியிருக்கிறது, மகள் படுத்துவிடுகிறது என்றால் முதலில் நாயின் உடம்பைப் பார்க்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். கொன்றால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். துரத்துவது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் வருகின்றன. சொந்த நிலம் என்பதும் இதற்கு விலக்கு ஆகாது. அப்பா காலத்துப் பழக்கம் வேறு. இன்று முயல் மேல் நாயை ஏவாதீர்கள். நாய் ஓட வேண்டும்தான், அதற்கு முயல் தேவையில்லை.

இனி வேகம், தம் விஷயம். கிரேஹவுண்டு குறுகிய ஓட்டத்துக்கென்றே செதுக்கிய உடம்பு. 480 மீட்டர் பந்தயத்தை நல்ல நாய் 30 நொடிக்குள் முடித்துவிடும், அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகம். அதன் தசையில் பெரும்பங்கு சட்டென்று சுருங்கி விரியும் வேகத் தசை இழைகள். தசைக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்தியை மொத்தமாக எரித்துத்தான் அந்த அரை நிமிடம் ஓடுகிறது. மூச்சில் வரும் காற்றால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஓடி முடிக்கும்போது உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் வரை போய்விடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பெரிய தசை அதிக சூட்டை உண்டாக்கும், கனமான உடம்பு மெதுவாக ஆறும். வேகத்துக்காகக் கூட்டும் ஒவ்வொரு கிலோ தசையும் தம்மில் கழிந்துவிடுகிறது. 30 கிலோ எடையுள்ள கிரேஹவுண்டுக்கும் 20 கிலோவைச் சுற்றி நிற்கும் உங்கள் கன்னிக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான்.

இங்கிலாந்தில் நடந்ததைச் சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கலப்பு நாய்க்கு லர்ச்சர் என்று பெயர். அது தனி இனம் அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்தும் நாயோடு வேலைக்கார நாயைச் சேர்த்துப் பெறும் கலப்பு. ஏன் கலந்தார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஆல்ட்கார் என்ற இடத்தில் வாட்டர்லூ கோப்பை என்று ஒரு முயல் விரட்டுப் போட்டி 1836இல் தொடங்கி 2005 வரை நடந்தது. முயலை முன்னே ஓடவிட்டு, இரண்டு கிரேஹவுண்டுகளை ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். எது முதலில் நெருங்குகிறது, எது முயலைத் திருப்புகிறது என்று பார்த்துப் புள்ளி தருவார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டம். அதற்குக் கிரேஹவுண்டு போதும்.

வயிற்றுப்பாட்டுக்கு முயல் பிடித்த ஏழைக்கு அது போதாது. ஒரே நாளில் நாலைந்து முறை ஓட வேண்டும், வேலி தாண்ட வேண்டும், குளிரையும் மழையையும் தாங்க வேண்டும், முயல் திரும்பும் இடத்தை யோசித்துப் பிடிக்க வேண்டும். அதனால் கோலி ஆட்டு நாயைக் கலந்தார்கள், புத்தியும் உறுதியான பாதமும் வந்தன, வேகம் குறைந்தது. பிறகு மீண்டும் கிரேஹவுண்டோடு சேர்த்து முக்கால் பங்கு கிரேஹவுண்டு, கால் பங்கு கோலி என்று ஆக்கிக்கொண்டார்கள். கிழக்கு இங்கிலாந்தில் மறைவே இல்லாத பரந்த வயல்வெளி. அங்கே முயல் நெடுந்தூரம் ஓடும் என்பதால் அரபுப் பாலைவனத்து சலூக்கியைக் கலந்தார்கள். சலூக்கி முதல் 400 மீட்டரில் கிரேஹவுண்டிடம் தோற்கும், கிரேஹவுண்டு நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, தம் இல்லாத கிரேஹவுண்டுக்குத் தம் சேர்க்கத்தான் அவர்கள் வெளி ரத்தம் தேடினார்கள். நீங்கள் செய்ய நினைப்பது அதற்கு நேர் எதிர். தம் உள்ள நாயில் தம் இல்லாத ரத்தத்தைக் கலக்கக் கேட்கிறீர்கள். (முயல் விரட்டு அங்கேயும் 2005 பிப்ரவரியிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது.)

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நவாப் ஒருவர், தாஸி என்ற ஆப்கானிய வேட்டை நாயையும் ஆங்கிலக் கிரேஹவுண்டையும் கலந்து ராம்பூர் ஹவுண்டை உண்டாக்கினார் என்பார்கள். அது தனி இனமாக நிலைத்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அரண்மனையும், பல தலைமுறை பார்த்துப் பார்த்துக் கழித்த உழைப்பும் இருந்தன. ஒரே ஒரு ஈத்தில் அது நடக்காது. நீங்கள் மக்காச்சோளம் போடுகிறவர். வீரிய ஒட்டு விதை முதல் பட்டத்தில் ஒரே சீராக விளையும், அந்த விளைச்சலிலிருந்தே விதை எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நாய்க் கலப்பும் அப்படித்தான். முதல் ஈத்துக் குட்டிகள் இரண்டுக்கும் நடுவில், பார்க்க அழகாக இருக்கும். அவற்றை மறுபடி சேர்த்தால் ஒன்று கிரேஹவுண்டின் பாரத்தோடு, இன்னொன்று கன்னியின் காலோடு என்று சிதறிப் பிறக்கும். அப்போது கையில் கன்னியும் இருக்காது.

வேகத்தைத் தரும் மரபணுவிலும் அளவு மீறினால் கேடுதான். விப்பெட் என்ற சிறு ஓட்ட நாயில் இதை 2007இல் கண்டுபிடித்தார்கள். தசை வளர்ச்சியை அடக்கிவைக்கும் மயோஸ்டேட்டின் என்ற மரபணுவின் மாறிய வடிவம் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் நாய் மற்றவற்றைவிட வேகமாக ஓடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் தசை புடைத்து, காளை மாதிரி ஆகிவிடுகிறது, ஓட்டத்துக்கு உதவாது.

உங்கள் கரிசலை நினைத்துப் பாருங்கள். கோடையில் வெடிப்பு, எங்கு பார்த்தாலும் வேலிக்கருவை முள், சித்திரை வெயில். கிரேஹவுண்டுக்குத் தோல் மெல்லியது, லேசாக உரசினாலும் கிழியும். அந்த எடையில் அந்த வேகத்தில் ஒரு கால் வெடிப்பில் இறங்கினால் எலும்பு முறியும். அதன் ரத்தம் கலந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். தயோபென்டோன் போட்டால் கிரேஹவுண்டு தெளிய வெகுநேரமாகும். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை வட்டாரத்து மண்ணும் வெயிலும் கழித்துக் கழித்து மிச்சம் வைத்ததுதான் உங்கள் கன்னி. வேகத்துக்கும் தம்முக்கும் இந்த நிலம் கண்டுபிடித்த நடுவழி அது. கலப்பில்லாத கன்னி வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, உங்கள் பெட்டைக்கு வருவோம். தம் போய்விட்டது என்று கொண்டுவரும் நாய்களில் நான் முதலில் பார்ப்பது ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் ரத்தசோகை. காது மடலுக்குள், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா? நம் பக்கம் உண்ணி பரப்பும் பேபீசியா, எர்லிக்கியா இரண்டும் சாதாரணம். காய்ச்சல் விட்டுவிட்டு வரலாம், சிறுநீர் கறுக்கலாம், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருப்பதும் உண்டு, நாய் தின்னும், வாலாட்டும், ஓடினால் மட்டும் படுத்துவிடும். கொக்கிப்புழுவும் இப்படித்தான் ரத்தத்தை உறிஞ்சும். ஓட்டத்துக்கு வேண்டிய பிராணவாயுவைச் சுமப்பது சிவப்பணு. அது குறைந்தால் முதல் பாய்ச்சலில் தெரியாது, ஏனென்றால் அந்தப் பாய்ச்சல் தசைக்குள் இருக்கும் சக்தியில் நடப்பது. அதற்குப் பிறகுதான் மூச்சு தேவை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இதோடு அப்படியே பொருந்துகிறது.

திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்யுங்கள். இதயத்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், இரண்டு உண்ணி நோய்க்கும் மருந்து வேறு வேறு. முடிவு வரும்வரை ஓடவிடாதீர்கள், இணையும் சேர்க்காதீர்கள். ரத்தசோகை உள்ள பெட்டை 63 நாள் சினையையும் பாலூட்டலையும் தாங்காது.

எல்லாம் சுத்தமாக இருந்தால் பழக்கக் குறைவுதான் காரணம். பகலெல்லாம் கட்டிவைத்துச் சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் எந்த நாய்க்கும் தம் வராது. விடியற்காலையில் நடையில் தொடங்குங்கள். பிறகு சைக்கிள் பக்கத்தில் மெதுவான ஓட்டம், முதல் வாரம் 2 கிலோமீட்டர், அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மண்பாதையாக இருக்கட்டும், தார்ச்சாலை வேண்டாம். முழுவேகப் பாய்ச்சல் வாரம் இரண்டு நாள் போதும், கயிற்றில் கட்டிய துணியை இழுத்துக்கூட ஓடவிடலாம். நெடுந்தூரம் ஓடும் நாய் கொழுப்பிலிருந்து சக்தி எடுக்கும், வெறும் கஞ்சி போதாது. முட்டை, இறைச்சி சேருங்கள். தின்ற வயிற்றோடு ஓடவிடாதீர்கள். குட்டிகளை ஒரு வயதுக்கு முன் கடுமையாக ஓட்டக் கூடாது.

ஓடிவிட்டு வந்து இரைப்பு அடங்காமல், கால் தள்ளாடி, நாக்கு அடர்சிவப்பானால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஈரச் சாக்கைப் போட்டு மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். குளிர்வித்த பிறகு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மறுநாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், காத்திருக்காதீர்கள்.

முயல் தொல்லைக்கு, உளுந்து முளைக்கும்போதே வரப்போரம் இரண்டரை அடி உயரத்துக்கு நைலான் வலை கட்டி, அடிப்பக்கத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். இளம் பயிர் தேறும்வரை அது நின்றால் போதும்.

பெட்டை தேறிய பிறகு, அடுத்த பருவத்துக்கு ஒரு கன்னி ஆணையே தேடுங்கள். அது உங்கள் பெட்டைக்கு நெருங்கிய சொந்தமாக இருக்கக் கூடாது. அது ஓடுவதை மட்டும் பார்க்காதீர்கள், ஓடி வந்து நின்றபின் எத்தனை நிமிடத்தில் மூச்சு அடங்குகிறது என்று கூடவே நின்று பாருங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் சிவப்பணு அளவையும் ஈறின் நிறத்தையும் எழுதி அனுப்புங்கள், மேலே சொல்கிறேன்.